"மறுக்கா குடிக்கோணும்னு தோணுச்சா கண்ணு?" - ஒரு மிடறு கசப்பும் ஓர் அம்மாவின் கேள்வியும்

நீளமான மரப்பலகை. அதில் ஆறு குழிகள். குழிக்கு ஒன்றாக ஆறு சின்னக் கண்ணாடித் தம்ளர்கள். வெளிர்மஞ்சள், கலங்கிய மஞ்சள், செம்பு நிறம், டிகாக்‌ஷன் கறுப்பு என ஒவ்வொன்றிலும் ஒரு நிறம்.

பெங்களூரு இந்திரா நகரில், பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே பரிமாறும் ஒரு கடையின் மாடி அது. அலுவலக நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். வயது 31. பெங்களூரு வந்து பத்து வருடங்கள் ஆகின்றன. இந்தப் பத்து வருடங்களில் எத்தனையோ விருந்துகள். எல்லாவற்றிலும் அவன் குடித்தது லைம் சோடா மட்டும்தான்.

அன்றைக்கு டீம் லீடர் வேலையை விட்டுப் போகிறார். பிரிவு விருந்து. "குடிக்க வேண்டாம்ப்பா. ருசி மட்டும் பாரு. இது நீ நினைக்கிற பீர் இல்லை" என்று ஆறாவது தம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார். சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் 'ஐ.பி.ஏ. - 7.5%' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது.

முதலில் மோந்து பார்த்தான். பீர் என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாசனைதான். புளித்த மாவும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி, மாமாவின் சட்டையிலிருந்து வரும் வாசனை. இந்தத் தம்ளரிலிருந்து வந்ததோ மாம்பழத் தோல் வாசனை. கூடவே, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் விரலில் ஒட்டுமே, அந்த வாசனையும்.

ஒரு மிடறு. முதலில் வறுத்த தானியம்போல லேசான இனிப்பு. அடுத்த நொடி கசப்பு. வேப்பங்கொழுந்தைக் கடித்ததுபோல நாக்கின் பின்பக்கம் இறங்கி, விழுங்கிய பிறகும் போகாமல் நின்றது. முகம் சுருங்கியது. நண்பர்கள் சிரித்தார்கள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கசப்பு அடங்குவதற்குள் அவன் கை மறுபடியும் தம்ளரை எடுத்திருந்தது. இரண்டாவது மிடறும் உள்ளே போய்விட்டது.

பிடித்திருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

சூடம் அணைத்த சத்தியம்

2015-ல் இன்ஜினீயரிங் முடித்து பெங்களூருவுக்குக் கிளம்பியபோது, அம்மா அவனை பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. எங்கே தங்கப்போகிறாய் என்றும் கேட்கவில்லை. எரிகிற சூடத்தைக் காட்டி, "அணைச்சு சத்தியம் பண்ணு சாமி, குடிக்க மாட்டேன்னு" என்றார். பண்ணினான்.

அதற்கு முந்தைய வருடம்தான் மாமா இறந்திருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி. 42 வயது. கல்லீரல்.

தடப்பள்ளி வாய்க்காலில் அவனுக்கு நீச்சல் பழக்கியவர் மாமா. கோபியைச் சுற்றி எங்கே சினிமா ஷூட்டிங் நடந்தாலும், டி.வி.எஸ். 50-யில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போய்க் காட்டியவர். மஞ்சள் காட்டில் ஒரு ஆளாக நின்று மூன்று ஆள் வேலை செய்தவர். அவரும் ஆரம்பத்தில் பீர்தான் குடித்தார். "பீர்தானுங்க்கா, ஒண்ணும் பண்ணாது. ஒடம்புச் சூட்டுக்கு நல்லது" என்பார் அக்காவிடம். பிறகு அக்காவிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டார். கட்டுத்தரையில் வைக்கோல் போருக்குள்ளிருந்து காலி பாட்டில்கள் கிடைக்கத் தொடங்கின. அப்போது அது பீர் பாட்டிலாக இருக்கவில்லை.

இந்திரா நகரிலிருந்து அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவனுக்கு அந்த வைக்கோல் போர்தான் கண்ணில் நின்றது. ரெண்டே மிடறுதான். போதை ஏறவில்லை. ஆனாலும், அடுத்த நாள் காலை அம்மா போன் செய்தபோது, "நேத்து பொழுதோட என்ன சாப்ட்ட கண்ணு?" என்ற கேள்விக்கு, "பிரியாணிங்மா" என்று மட்டும் சொன்னான். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை.

தம்ளருக்குள் என்னதான் இருந்தது?

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருப்பவன். எதையும் பிரித்துப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தான்.

பீருக்கு அடிப்படை நான்கு பொருள்கள். தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஈஸ்ட், ஹாப்ஸ். கசப்பு வருவது ஹாப்ஸிலிருந்து. அது ஒரு கொடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கஞ்சாவின் போதைப்பொருள் இதில் இல்லை. பெண் கொடியில் பூக்கும் சின்னப் பச்சைக் கூம்புகளைத்தான் பீரில் சேர்ப்பார்கள். அந்தக் கூம்பைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். கசப்பு, மணம் இரண்டுமே அந்தத் தூளில் இருக்கின்றன.

ஹாப்ஸை ஆரம்பத்திலேயே போட்டு நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் கசப்பு இறங்கும், மணம் ஆவியாகிவிடும். கடைசியில் போட்டாலோ, ஆறிய பிறகு ஊறவைத்தாலோ மணம் தங்கும். ரசத்துக்குக் கொத்தமல்லித் தழையை இறக்கும்போது போடுகிற அதே கணக்கு. மாம்பழ வாசனைக்கும் காரணம் கிடைத்தது. ஹாப்ஸ் எண்ணெயில் இருக்கும் மிர்சீன் என்ற பொருள் மாம்பழத்திலும் இருக்கிறது.

பீரின் கசப்பை அளக்க ஐ.பி.யு. என்று ஓர் அலகுகூட வைத்திருக்கிறார்கள். சாதாரண லாகர் பீர்கள் பெரும்பாலும் 20-ஐத் தாண்டாது. ஐ.பி.ஏ. வகை பீர் 40-லிருந்து 70 வரை போகும்.

அவனை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்தப் பெயர்தான். ஐ.பி.ஏ. என்றால் இண்டியா பேல் ஏல். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. ஆனால் இந்தியர்களுக்காகப் பிறந்த பானம் அல்ல. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் போ பகுதியில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவரின் மதுவாலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்தில். கப்பல் கேப்டன்கள் அவரிடம் கடனுக்கு பீப்பாய் பீப்பாயாக பீர் வாங்கி, கல்கத்தாவிலும் பம்பாயிலும் மதராஸிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். மாதக்கணக்கில் கடல் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். அந்த வெயிலிலும் ஆட்டத்திலும் பீர் கெடாமல் இருக்க உதவியது, கூடுதலாகப் போட்ட ஹாப்ஸ். அதிலுள்ள கசப்பு, பீரைப் புளிக்கவைக்கும் சில பாக்டீரியாக்களை வளரவிடாது. 1820-களில் பர்ட்டன் நகரத்து மதுவாலைகளும் இந்த வியாபாரத்தில் இறங்கின. பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு அந்த வகை மெல்ல மறக்கப்பட்டது. அமெரிக்காவில் 1970-களிலும் 80-களிலும் சின்னச் சின்ன மதுவாலைகள் கிளம்பியபோது, அவர்கள் அதைத் தேடி எடுத்து, பழ மணம் வீசும் புது ஹாப்ஸ் ரகங்களைப் போட்டு இன்னும் கசப்பாக்கினார்கள். 2009-ல் புனேயில் டூலாலி தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் பெங்களூருவில் டாய்ட், ஆர்பர் ப்ரூயிங் என்று வரிசையாக வந்தன. லண்டனிலிருந்து கிளம்பிய இந்தியாவின் பெயர், அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

படிக்கப் படிக்க அவனுக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. மாமா குடித்தது வேறு, தான் ருசி பார்த்தது வேறு. மாமா போதைக்காகக் குடித்தார். தான் ஒரு கைவேலையை, ஒரு வரலாற்றை ருசி பார்த்திருக்கிறோம். இதில் தப்பென்ன?

அந்தச் சமாதானம் ஒரு வாரம்தான் தாங்கியது. ஒரு ராத்திரி சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தான்.

இந்தியக் கடைகளில் விற்கும் பெரிய பீர் பாட்டில் 650 மில்லி. 'ஸ்ட்ராங்' வகையில் ஆல்கஹால் 8 சதவிகிதம் வரை இருக்கலாம். அப்படியானால் ஒரு பாட்டிலில் 52 மில்லி சுத்த ஆல்கஹால். பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவிகிதம். 30 மில்லி ஒரு பெக் என்றால், அதில் சுமார் 13 மில்லி. ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் பாட்டில் நான்கு பெக் பிராந்திக்குச் சமம். 'பீர்தானுங்க்கா' என்று மாமா ஒரு பாட்டிலைக் காலி செய்த ஒவ்வொரு நாளும் உள்ளே போனது நான்கு பெக்.

சரி, அந்தக் கரும்பலகையில் எழுதியிருந்த 7.5 சதவிகிதம்? அங்கே பெரிய கிளாஸில் அரை லிட்டர் வாங்கினால், கிட்டத்தட்ட மூன்று பெக். மாம்பழ வாசனை வருகிறது என்பதற்காகக் கல்லீரல் அதைத் தனியாக நடத்தாது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தான். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அப்புச்சி சொன்ன கணக்கு

இரவு பஸ்ஸில் ஈரோடு. அங்கிருந்து கவுந்தப்பாடி வழியாக கோபி. ஊரில் இறங்கும்போது விடிந்திருந்தது. அன்றைக்குக் காப்புக்கட்டு. வீட்டு வாசலில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் குவிந்து கிடந்தன. திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் அப்புச்சி. வயது 84. அம்மாவின் அப்பா. மாமாவுக்கும் அப்பா.

முதலில் அப்புச்சியிடம் சொல்லலாம் என்று தோன்றியது. அவர் அந்தக் காலத்தில் கள் குடித்தவர். புரிந்துகொள்வார். அம்மாவிடம் தனக்காகப் பேசவும் செய்வார்.

"அப்புச்சி, ஒண்ணு சொல்லோணுங்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். பலகை, தம்ளர், மாம்பழ வாசனை, கசப்பு, ஹாப்ஸ், கப்பல்.

அப்புச்சிக்கு ஆர்வம் வந்துவிட்டது. "கெடாம இருக்கறதுக்குக் கசப்புப் போடறாங்களாக்கும்? நம்மூர்ல சுண்ணாம்பு தடவறதில்லையா, அந்த மாதர" என்றார்.

உண்மைதான். பாளையிலிருந்து சொட்டும் சாறு, முட்டியில் விழுந்த சில மணி நேரத்துக்குள் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட்டால் தானாகவே நுரைத்துக் கள்ளாகிவிடும். முட்டியின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் அந்த நொதிப்பு தடைப்படும். இனிப்பாகவே நிற்கும். வெளியூரில் பதநீர் என்பதை கொங்குப் பக்கத்தில் தெளுவு என்பார்கள். லண்டன்காரனுக்கு ஹாப்ஸ், கோபிக்காரனுக்குச் சுண்ணாம்பு.

"சுண்ணாம்பு தடவுனா தெளுவு, கொழந்தைக்கும் குடுக்கலாம். தடவாட்டி கள்ளு. வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்புதான் அப்புனு" என்றார் அப்புச்சி.

மதுவிலக்கை ஒட்டியும் வெட்டியும் வளர்ந்த தலைமுறை அவருடையது. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது அப்புச்சி பிறந்திருக்கவில்லை. 1971-ல் அது தளர்த்தப்பட்டபோது முப்பது வயதை ஒட்டியிருந்தார். 1987 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் வசம். கள்ளுக்கு அனுமதி கேட்டு கொங்கு விவசாயிகள் இன்றைக்கும் குரல் கொடுத்து வருகிறார்கள். அதே ஈரோட்டில்தான் 1921-ல், பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். மறியலை நிறுத்துவது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் கையில்தான் இருக்கிறது என்று காந்தி சொன்னதாகச் சொல்வார்கள். குடிப்பவர்கள் எந்தப் பக்கம் நின்றாலும், குடியின் கணக்கைக் கட்டுவது வீட்டுப் பெண்கள்தான் என்பது அப்போதே ஊருக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப ருசி பாக்கறது தப்பில்லீங்களா அப்புச்சி?" என்று கேட்டான். அவனுக்கு வேண்டிய பதிலை அவர் கொடுத்துவிடுவார் என்றே நினைத்தான்.

அப்புச்சி உடனே பேசவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க மாமனுக்குப் பதினாலு வயசு. நான் தோப்புல கள்ளு குடிச்சிட்டிருந்தன். பக்கத்துல வந்து நின்னான். ஆம்பளப் பையன், ருசி தெரியட்டும்னு ஒரு சொம்புல கொஞ்சூண்டு ஊத்திக் குடுத்தன். மூஞ்சியச் சுளிச்சான். எல்லாரும் சிரிச்சம். கொஞ்ச நேரங்கழிச்சு, இன்னுங் கொஞ்சம் குடுங்கன்னான்."

அவனுக்கு இந்திரா நகரின் சிரிப்பு காதில் கேட்டது.

"அதுவும் ருசிதான் கண்ணு" என்றார் அப்புச்சி. "அன்னைக்கு நாங் குடுக்காட்டியும் அவன் குடிச்சிருப்பானோ என்னவோ. ஊரே சொல்லும், உம்மேல என்ன தப்புன்னு. ஆனா பெத்தவனுக்குக் கணக்கு வேற."

முப்பது வருடங்களுக்கு மேல் அவர் யாரிடமும் சொல்லாதது அது. மகள் உட்பட.

"உங்கம்மாகிட்டச் சொல்லிரு. அவ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிரு. அவன் ஒருநாளும் தானா வந்து சொன்னதில்ல."

வேப்பிலைக் கொத்தும் ஒரு கேள்வியும்

அம்மா வாசலில் உட்கார்ந்து, வேப்பிலையையும் பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் சேர்த்துச் சின்னச் சின்னக் கொத்துகளாகக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு, கட்டுத்தரைக்கு, காட்டுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அவனும் பக்கத்தில் உட்கார்ந்து நூல் அறுத்துக் கொடுத்தான்.

சொன்னான். ஹாப்ஸ், கப்பல், மாம்பழ வாசனை எதுவும் இல்லாமல். "பெங்களூர்ல ஒரு விருந்துல பீர் குடிச்சுட்டனுங்மா."

அம்மாவின் கை நின்றது. "எத்தன?"

"ரெண்டு வாய்ங்மா."

கத்துவார் என்று எதிர்பார்த்தான். அழுவார் என்று எதிர்பார்த்தான். 'சத்தியம் பண்ணுனியே' என்று கேட்பார் என்று பத்து நாளாகப் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தான். அம்மா கேட்டது வேறு.

"மறுக்கா குடிக்கோணும்னு தோணுச்சா கண்ணு?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா நம்பிவிடுவார். அத்தோடு முடிந்துவிடும். நூலைப் பார்த்தபடியே, "தோணுச்சுங்மா" என்றான்.

அம்மா ஒரு கொத்தை எடுத்து முடிச்சுப் போட்டார். அடுத்ததை எடுத்தார். "உங்க மாமன்கிட்ட இத நான் ஒருக்காகூடக் கேக்குல. பாக்கறப்பெல்லாம் குடிக்காத குடிக்காதன்னு வைதன். குடிக்கோணும்னு இருக்குதா, எப்படியிருக்குதுன்னு கேட்டிருந்தா, எதாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருப்பானோ என்னமோ. வைய வைய அவன் போருக்குள்ள கொண்டுபோயி ஒளிச்சான்."

குடி ஒரு நோய் என்பதும், அதற்கு வைத்தியம் உண்டு என்பதும் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒறம்பரைக்கு முன்னால் அதை ஒப்புக்கொள்ளக் கூச்சம். இந்தக் கூச்சத்தை உடைத்த ஒரு குடும்பம் சென்னையில் உண்டு. கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடிப்பழக்கத்துக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அதை மூடி மறைக்காமல், 1980-ல் அவர் பெயரிலேயே குடிநோய் சிகிச்சைக்கான அமைப்பைத் தொடங்கினார். அடையாறில் இருக்கும் அந்த மருத்துவமனையில் நோயாளிக்கு மட்டுமல்லாமல் குடும்பத்துக்கும் ஆலோசனை கொடுக்கிறார்கள். வீட்டில் யாருக்கேனும் இந்தப் பிரச்னை இருந்தால், 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை இப்போது யாரும் அழைக்கலாம். மாமாவின் வீட்டில் யாரும் எங்கேயும் அழைக்கவில்லை. பாட்டில்களை எண்ணினார்கள். வைதார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"அப்ப சத்தியம்?" என்று அவனே கேட்டான்.

"அது நீ அம்மனுக்குப் பண்ணுனது. நீயே போயிப் பேசிக்க. நான் நடுவுல வர்ல" என்றார் அம்மா. பிறகு, குரலைத் தாழ்த்தி, "மறுக்கா குடிச்சாலும் சொல்லு. குடிக்காட்டியும் சொல்லு. ஒளிக்காத சாமி. எனக்கு அது போதும்" என்றார்.

அது போதும் என்று அவர் சொன்னாலும், போதாது என்பது அவர் கண்ணில் தெரிந்தது. மீதிக் கொத்துகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். கட்டுத்தரைக் கூரையில் ஒன்றைச் செருகும்போது, வைக்கோல் போர் இருந்த மூலையை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தார்.

திண்ணையில் அப்புச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, "அம்மிணி, இங்க வந்து உக்காரு. எனக்கும் உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்று மகளைக் கூப்பிட்டார். பேரன் எழுந்து வாய்க்கால் பக்கம் நடந்தான். அது அவர்கள் இருவருக்குமான பேச்சு.

திரும்பி வந்தபோது அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கண் சிவந்திருந்தது. அப்புச்சியின் கைக்கு அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவன் பாரியூருக்குத் தனியாகப் போய்விட்டு வந்தான். என்ன பேசினான் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மறுபடியும் அதே மாடி

இரண்டு மாதங்கள் கழித்து, அதே இந்திரா நகர், அதே மாடி. இந்த முறை ஒரு நண்பனின் பிறந்தநாள். பலகை வந்தது. ஆறு தம்ளர்கள். "உனக்குத்தான் ஐ.பி.ஏ. பிடிக்குமே" என்று ஒருவன் நகர்த்தினான்.

கையில் எடுத்தான். மோந்து பார்த்தான். மாம்பழத் தோல், ஆரஞ்சுத் தோல். போன முறை தெரியாத ஒன்றும் இந்த முறை தெரிந்தது. அடியில் மெலிதாக, ஈரச் சாக்கு வாசனை. பார்லியின் வாசனைதான். மாமாவின் சட்டையில் இருந்த அதே வாசனை. அன்றைக்கு மாம்பழம் அதை மூடியிருந்தது.

தம்ளரைத் திரும்ப வைத்துவிட்டு லைம் சோடா சொன்னான். நண்பர்கள் வற்புறுத்தவில்லை. இரண்டாவது முறை வேண்டாம் என்று சொல்வது, அவன் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. சுலபமாகவும் இல்லை. நாக்கின் பின்பக்கம் அந்தக் கசப்பை எதிர்பார்த்து ஊறத்தான் செய்தது.

ராத்திரி அறைக்கு வந்ததும் அவனே அம்மாவுக்கு போன் போட்டான்.

"இன்னிக்கும் அங்கதான் போயிருந்தனுங்மா. மோந்துதான் பாத்தேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அம்மா கேட்டார்.

"தோணுச்சா?"

"தோணுச்சுங்மா."

"சரி... சாப்ட்டியா கண்ணு?"